ஒன்றையொன்று மறைக்காத திரை

கல்முனையில், காணி உறுதிப்பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு ஒருவரின் காரியாலயத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் அந்த உறுதிகளைத் தட்டச்சுச் செய்து ஓய்வுபெற்றவர் மசூர். அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தம் மகள், ஆசிரியை பஸ்னாவின் இடமாற்றத்திற்கு எதிராகக் கல்வி அலுவலகத்தின் இடமாற்றச் சபைக்கு மேன்முறையீடு எழுதுவதற்காக அவர் கணினியின் முன் அமர்ந்தார். பிற்பகல் மூன்று மணிக்குள் அது மின்னஞ்சலில் போய்ச் சேராவிட்டால், மருதமுனையில் கற்பித்துவந்த பஸ்னா, ஏழு மாதக் கைக்குழந்தையோடு, பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் போக வேண்டிய மலைநாட்டுப் பாடசாலை ஒன்றிற்குப் போய்ச் சேர வேண்டியவளாவாள். பஸ்னாவின் தாயும் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்ட வீட்டில், அவளுக்கு மசூரையும் அவருக்கு அவளையும் தவிர வேறு துணை இல்லை.

கணவன் ஹிஷாம் இருக்கவே செய்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் மருமகனாக அந்த வீட்டுக்கு வந்தவன், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கத்தாருக்கு வேலைக்குப் போனான். முதலில் நாள்தோறும் வந்த அழைப்பு, வாரத்திற்கு ஒன்றாகி, மாதத்திற்கு ஒன்றாகி, இப்போது வராமலே போயிற்று. வேலைத்தளத்தில் கைப்பேசிக்குத் தடை என்று பஸ்னா கேட்டவர்க்கெல்லாம் சொல்லிவந்தாள். காலையில் ஒரு வெற்றுத்தாளின் அடியில் தன் கையொப்பத்தை இட்டுக் கொடுத்தபோதும் அவள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

“எல்லாத்தையும் எழுதுங்க வாப்பா. அவர்ர கதைய மட்டும் எழுதிப் போடாதீங்க. அந்தக் கந்தோர்ல இரிக்கிற அரைவாசிப் பேரு நம்மட ஊர் ஆக்கள்.”

மசூர் தலையசைத்தார். கடிதத்தை அதற்கு மேலே அச்சிட்டுக்கொள்ளும்படி கையொப்பத்தை முன்கூட்டியே இட்டுக் கொடுக்கும் அளவுக்கு அவள் தம்மை நம்புகிறாள் என்பது அவருக்கு உறைத்தது. அவர் அறிந்ததை அவள் அறியமாட்டாள். இருபத்திரண்டு நாள்களுக்கு முன், கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்த றஸ்மி என்பவர், பள்ளிவாசல் மதிலோரம் அவரை ஒதுக்கி அழைத்துச்சென்று, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டியிருந்தார். படத்தில் ஹிஷாம் இருந்தான். அவனருகே அவன் அங்கே நிக்காஹ் செய்துகொண்ட பெண் இருந்தாள். இனி ஊருக்கு வரும் எண்ணம் தனக்கில்லை என்று அவனே சொன்னதாகவும் றஸ்மி சொன்னார். அன்றிரவு பஸ்னா பரிமாறிய சோற்றை மசூர் உண்டார், எதையும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நாளுக்கு நாள் சொல்வது அரிதாயிற்று.

நகரிலுள்ள தட்டச்சுக் கடைகளுள் ஒன்றில் கொடுத்துக் கடிதத்தை அடிப்பித்திருக்கலாம். ஆனால் அந்தக் கடைகளில் அடிக்கப்படும் ஒரு மனுவின் சாரம், அச்சாகும் முன்பே சந்தையைச் சென்றடையும் என்பதை மசூரைவிட நன்கறிந்தவர் இலர். ஆதலால்தான் கொழும்பில் மென்பொருள் கம்பனி ஒன்றில் வேலைசெய்யும் மகன் றிம்சான், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்தபோது கொண்டுவந்து விட்டுச்சென்ற பழைய கணினியை அவர் நாடினார்.

அந்தக் கணினியோ, உலகத்தார் பயன்படுத்தும் கணினிகளைப் போன்றதன்று. திறந்தவுடன் கரிய திரை ஒன்று வரும். அதன் உச்சியில், மெல்லிய கோடு போன்ற ஒரு பட்டையில், ஒன்றிலிருந்து பத்துவரை இலக்கங்கள் இருக்கும். வேறு எதுவும் இராது. சுட்டுவதற்குப் படமில்லை, தொடங்குவதற்குப் பொத்தானில்லை, சாளரங்களின் மூலையில் அவற்றை மூடுவதற்குரிய பெருக்கற்குறியும் இல்லை. மவுஸ் என்ற பொருள் மேசையின்மேல் பெயருக்குக் கிடந்தது. எல்லாம் விசைகளாலேயே நடக்க வேண்டும் என்பது றிம்சானின் கொள்கை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வேறொரு விசையைத் தட்டினால் எதுவோ ஒன்று நிகழும். எது நிகழும் என்பதை அவன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் விளிம்பில் ஒட்டியிருந்தான். திறக்கவும் நகர்த்தவும் வழிகள் நான்கு அதில் இருந்தன. மூடும் வழி ஒன்றும் இருக்கவில்லை. அதை எவருக்கேனும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

இவற்றையெல்லாம்விட மசூரைச் சினங்கொள்ளச் செய்தது வேறொன்று. முதலில் திறக்கும் சாளரம் திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ஒன்றைத் திறந்தால், முதலாவது தானே பாதியாகச் சுருங்கி அதற்கு இடங்கொடுக்கும். மூன்றாவது வந்தால் மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்றை இழுத்து மற்றொன்றின்மேல் வைக்க முடியாது. பெருநாளன்று றிம்சான் இதைப் பெருமையாக விளக்கியிருந்தான். தரைக்கு மாபிள் கல் பதிப்பதைப்போல, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளியும் விடாமல், எல்லாம் கண்முன்னே கிடக்கும் என்றான். மேசை என்றால் ஒரு தாளின்மேல் இன்னொரு தாளை வைக்கத்தானே செய்வார்கள் என்று மசூர் கேட்டதற்கு அவன் சிரித்தான்.

எழுதத் தொடங்கியதும் மசூருக்குக் கோபம் ஆறிற்று. பழைய எழுத்துருவை றிம்சான் ஏற்றி வைத்திருந்தான். விரல்கள் தம் வழியைத் தாமே கண்டன. ஆனால் இரண்டாம் பந்தியில் அவர் நின்றுவிட்டார். கைக்குழந்தை இருக்கிறது என்பது காரணமாகாது. இடமாற்றம் பெற்ற ஆசிரியைகளுள் பலர்க்குக் கைக்குழந்தை இருந்தது. தந்தை முதியவர் என்பதும் காரணமாகாது. கணவன் கைவிட்டான் என்பதொன்றே, சபையின் விதிகளில் தனியாக இலக்கமிட்டுச் சொல்லப்பட்ட காரணம். முப்பத்துநான்கு ஆண்டுகள் பிறருக்காகக் காரணங்களை எழுதியவருக்கு, எது நிற்கும் எது நில்லாது என்பது தெரியாதா? அவர் கதவைப் பார்த்தார். அடுக்களையிலிருந்து பிள்ளையின் சிணுங்கலும், பஸ்னா அதை ஆற்றும் ஒலியும் வந்தன. மசூர் திரும்பி, உண்மையை எழுதினார். பஸ்னாவின் வாய்மொழியாக, ‘நான்’ என்றும் ‘என்’ என்றும், அவளே சொல்வதுபோல, றஸ்மி சொன்னவை அனைத்தையும் எழுதினார். எழுதிய பின் மீளவும் வாசித்து, ஓரிடத்தில் வினைமுற்றைத் திருத்தினார்.

உறுதி எழுதுவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆள்களின் பெயர்களை அவர்கள் உடனுக்குடன் எழுதுவதில்லை. புள்ளியிட்டு இடம்விட்டுச் சென்று, எல்லாம் முடிந்தபின், அடையாள அட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒரே மூச்சில் நிரப்புவார்கள். மசூரும் அவ்வாறே செய்தார். முதற் பெயருக்கு வந்தார். அவர் பழகியிருந்த எழுத்துருவில், முஸ்லிம் பெயர்களில் மிகுதியாக வரும் எழுத்துகள் சிலவற்றிற்கு விசை கிடையாது. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலப்பக்க எண்பலகையில் நான்கு இலக்கங்களைத் தட்டினால்தான் அவை வரும். அந்த நான்கு இலக்கங்கள் அவருடைய விரல்களில் ஊறிக்கிடந்தவை. பூச்சியம், இரண்டு, ஒன்று, ஆறு.

திரை நான்கு முறை துடித்தது. பின்பு வெறுமையாயிற்று.

கடிதம் இல்லை. கரிய வெளிமட்டுமே இருந்தது. அவர் மறுபடியும் தட்டினார், துடித்தது, மறுபடியும் வெறுமை. றிம்சானை அழைத்தார், அவன் எடுக்கவில்லை. பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட வேண்டும். ஒளூச் செய்து, கைகால் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

குத்பாப் பிரசங்கத்தில் இமாம் எதைப் பற்றிப் பேசினார் என்பதை அவர் பின்னர் எவ்வளவு முயன்றும் நினைவுகூர முடியவில்லை. ஆனால் சுஜூதில் நெற்றி நிலத்தில் பட்டபோது ஒன்று தெளிவாயிற்று. மகள் வேண்டாம் என்றதை அவள் பெயராலேயே எழுதினோம்; அது எழுதிய கையின் கீழேயே அழிந்து போயிற்று. அழித்தவனுக்குக் காரணம் இருக்கும். வீடு திரும்பும் வழியெல்லாம், பெரும் பாரமொன்று இறங்கியது போன்ற ஆறுதல் அவருக்கு இருந்தது.

ஒன்றரை மணிக்கு அவர் மறுபடியும் அமர்ந்தார். வெற்றுத்திரையில், துண்டுக்காகிதம் சொன்னபடி ஒரு புதுச் சாளரத்தைத் திறந்து, இரண்டாவது கடிதத்தை எழுதினார். அதில் கைக்குழந்தை இருந்தது, முதிய தந்தை இருந்தார், எட்டு மணித்தியாலப் பயணம் இருந்தது. ஹிஷாம், வெளிநாட்டில் தொழில்புரியும் கணவராக, ஒரு சொற்றொடரில் வந்துபோனான். அது நன்றாக எழுதப்பட்ட, நில்லாத கடிதம். இரண்டு மணிக்குப் பெயர்களை நிரப்பத் தொடங்கினார். விரல்கள் கேட்கவில்லை, ஆல்ட் விசையும் பூச்சியமும் இரண்டும் தாமாகவே நிகழ்ந்தன, அதற்குள் அவர் கையை எடுத்துவிட்டார். திரை துடித்தது. கடிதம் போயிற்று.

இம்முறை றிம்சான் எடுத்தான். வாப்பா சொன்னதைக் கேட்டு முடித்தபின் அவனுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது.

“ஒண்டும் அழியல்ல வாப்பா. அது பத்து அறையுள்ள ஊடு மாதிரி. ஆல்ட்டப் புடிச்சிக்கிட்டு எந்த இலக்கத்த அடிக்கிறீங்களோ, அந்த அறைக்குப் போற. நீங்க நாலு இலக்கம் அடிச்சி நாலு அறைக்கும் ஓடித் திரிஞ்சிரிக்கீங்க. ஒங்கட வயசுக்கு நல்ல எக்ஸசைஸ்.”

“அப்ப காலையில எழுதினது?”

“எழுதின எல்லாம் எழுதின இடத்துல கிடக்கும். ஒண்டையும் ரெண்டையும் அடிச்சிப் பாருங்களன். நான் மீட்டிங்ல வாப்பா, மறுகா எடுக்கிறன்.”

அழைப்பு நின்றது. மசூர் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத் தட்டினார். முதற் கடிதம், ஒரு சொல்லும் குறையாமல், அவர் முன் எழுந்து நின்றது. அவர் ஆறுதலென்று எண்ணியது அனைத்தும் அக்கணமே கலைந்தது. எவரும் எதையும் அழிக்கவில்லை. அது காலைமுதல் அடுத்த அறையில் இருந்துகொண்டுதான் இருந்தது.

இருந்தபோதிலும் அவர் உறுதியாகவே இருந்தார். இரண்டாவது கடிதத்தைத்தான் அனுப்புவது. மகள் கேட்டது அதைத்தான். அது ஆறாம் அறையில் இருந்தாக வேண்டும், காலையில் அவர் இறுதியாகத் தட்டிய இலக்கம் ஆறுதானே. அவர் ஆறாம் அறைக்குப் போகத் தட்டினார். ஆனால் முப்பத்துநான்கு ஆண்டுகளாக ஷிஃப்ட் விசையின்மேல் குடியிருந்த இடக்கைச் சிறுவிரல், அந்தக் கணத்திலும் அங்கேயே இருந்தது. ஷிஃப்டும் சேர்ந்தால், ஆள் போவதற்குப் பதிலாகச் சாளரம் போகும் என்பது துண்டுக்காகிதத்தில் நான்காவது வரியாக எழுதப்பட்டிருந்தது. முதற் கடிதம் கண்முன்னிருந்து மறைந்தது. போனால் போகட்டும் என்று மசூர் நினைத்தார். விரலைக் கவனமாக எடுத்துவிட்டு, மறுபடியும் ஆறைத் தட்டினார்.

இரண்டு கடிதங்களும் அங்கே நின்றன. திரையைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டு, முதற் கடிதம் இடப்புறமும் இரண்டாவது வலப்புறமுமாக, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன.

அப்போதுதான் பஸ்னா, உறங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அறைக்குள் வந்தாள். இரண்டரை மணியாகிவிட்டது, கடிதம் முடிந்ததா என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

முடிந்தது, நீ போய்ப் பிள்ளையைக் கிடத்திவிட்டு வா என்று மசூர் சொன்னார். சொல்லும்போதே அவருடைய கைகள் இயங்கின. எப்போதும் செய்வதுபோல ஒன்றை எடுத்து மற்றொன்றின்மேல் வைத்துவிட வேண்டும், வேறொன்றும் வேண்டியதில்லை. மவுஸைப் பிடித்து வலப்புறக் கடிதத்தை இழுத்தார்; அது அசையவில்லை. மூலையில் பெருக்கற்குறியைத் தேடினார். அது இல்லையென்பது தெரிந்தும் தேடினார். துண்டுக்காகிதத்தைப் பார்த்து, ஏதோ ஒன்று வந்து மறைக்கட்டும் என்று ஒரு புதுச் சாளரத்தைத் திறந்தார். அதுவும் ஒழுங்காக வந்து, தனக்குரிய மூன்றிலொரு பங்கில் அமர்ந்தது. முதற் கடிதம் சற்று ஒடுங்கிற்று. ஒடுங்கியதில் அதன் நடுப்பகுதி மேலே ஏறி, கண்ணுக்கு நேராக நின்றது.

எழுந்து தம் உடம்பால் திரையை மறைத்து நிற்பதைத் தவிர மசூருக்கு வேறு வழி தெரியவில்லை. அறுபத்துநான்கு வயது மனிதர் ஒருவர் கணினிக்கு முன் கைகளை விரித்து நின்றால், எந்த மகள்தான் பார்க்காமல் போவாள்?

“தள்ளுங்க வாப்பா.”

அவர் தள்ளவில்லை. அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவரைச் சுற்றிவந்து, குனிந்து வாசித்தாள். புள்ளியிட்ட இடங்களில் பெயர்கள் இன்னும் இடப்படவில்லை. ஆயினும் வாசிப்பதற்குப் பெயர் தேவைப்படவில்லை. ‘............ ஆகிய என் கணவர், கத்தார் நாட்டில் வேறொரு பெண்ணை மணமுடித்து வாழ்ந்துவருகின்றார் என்பதையும், அவர் இனி நாடு திரும்பப் போவதில்லை என்பதையும் நான் ஐயத்திற்கிடமின்றி அறிந்துள்ளேன்.’

அவள் அந்த ஒரு வாக்கியத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். மசூர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நான் அறிஞ்சிரிக்கன் எண்டு எழுதியிரிக்கீங்க” என்றாள் பஸ்னா. “நான் அறியல்லியே வாப்பா.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“மெய்தானா?”

“ஓம் மகள்.”

“ஆரு சொன்ன?”

றஸ்மி சொன்னதையும், படம் காட்டியதையும் அவர் சொன்னார். எத்தனை நாளாயிற்று என்று கேட்டாள். இருபத்திரண்டு நாள் என்றார். அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். போன வாரம் ஹிஷாமின் உம்மாவுக்குச் சுகமில்லையென்று கேள்விப்பட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனதை அவள் எண்ணியிருக்க வேண்டும். அந்த வீட்டாரும் அறிந்திருந்தார்களா என்று கேட்டாள். அறிந்துதான் இருப்பார்கள் என்று மசூர் சொன்னார். அவர்கள் அன்று கஞ்சியை வாங்கிக்கொண்டு, தேத்தண்ணீரும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

சுவர் மணிக்கூட்டில் மூன்றடிக்கப் பதினெட்டு நிமிடங்கள் இருந்தன. பஸ்னா அதைப் பார்த்தாள். பின்பு பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு வந்து, திரையில் நின்ற இரு கடிதங்களையும், பாடசாலையில் விடைத்தாள்களைப் பார்ப்பவளைப்போல, முதலிலிருந்து இறுதிவரை வாசித்தாள்.

“இதுல எத அனுப்பினா நான் இஞ்ச நிப்பன்?”

மசூர் வலப்பக்கக் கடிதத்தைப் பார்த்தார்.

“ஒங்களத்தான் கேக்கிறன். நொத்தாரிசிட்ட இருந்த நீங்கதானே. எது நிக்கும்?”

அவர் இடப்பக்கத்தைச் சுட்டினார். சுட்டிய விரலை உடனே மடக்கிக்கொண்டார்.

கையொப்பமிட்ட தாளை அச்சுப்பொறியில் வைத்து, இடப்புறக் கடிதத்தை அச்சிட்டவள் பஸ்னாதான். பெயர்கள் நிரம்பவில்லையே, ஆல்ட்டைத் தொட்டால் திரை ஓடுகிறதே என்று மசூர் தடுமாறினார். அச்செழுத்தின் நடுவே பேனா எழுத்து வருவதை அவர் தம் வாழ்நாளில் ஒருமுறைதானும் பொறுத்ததில்லை. இரண்டு மணியிலிருந்து பேனா ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தும், அப்படியொரு வழி அவருக்குத் தோன்றவுமில்லை. பஸ்னா அந்தப் பேனாவை எடுத்து, ஐந்து இடங்களையும் நிரப்பினாள். தன் பெயரை இரண்டிடத்தில் எழுதினாள். கணவனின் பெயரை மூன்றிடத்தில் எழுதினாள். எழுத்து ஓரிடத்திலும் கோணவில்லை. தாளைச் சன்னலோரம் பிடித்துக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியபோது மூன்றடிக்க நான்கு நிமிடங்கள் இருந்தன.

பின்பு அவள் அடுக்களைக்குப் போய், மத்தியானப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள். மசூர் அங்கேயும் போனார், நிலைப்படியில் நின்றார். சொல்ல நினைத்துச் சொல்லாமற்போன நாள்கள் ஒவ்வொன்றையும் அவளிடம் விளக்கிவிட வேண்டும்போல இருந்தது. கணினி இருந்த அறைக்குப் போய், மறுபடியும் அதே நிலைப்படிக்கு வந்தார். அவர் போனார் என்பதும் வந்தார் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது; திரும்பவில்லை.

அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த சற்று நேரத்தில் அவளுடைய கைப்பேசி ஒலித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஓம் சேர், ஓம் சேர் என்று மூன்று நான்கு முறை சொன்னாள். இடையில் ஒருமுறை, இல்லை, காதி நீதிமன்றத்தில் இன்னும் ஒன்றும் பதியவில்லை என்றாள். வைத்த பின், அவர் கேட்காமலே சொன்னாள். முறையீட்டை எடுத்துக்கொள்கிறார்களாம். ஆனால் இப்படிப்பட்ட காரணத்தைக் கடிதத்தில் மட்டும் கண்டு முடிவு செய்ய மாட்டார்களாம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, விடயத்தை நேரில் அறிந்த சாட்சி ஒருவருடன் சபையின் முன் வர வேண்டுமாம். சபையில் ஐந்து பேர் இருப்பார்கள். அழைத்தவர் பஸால் சேர்.

பஸால் அவர்களுடைய ஊரிலேயே, மூன்றாம் குறுக்குத் தெருவில் இருப்பவர். மசூர் அதைச் சொல்லவில்லை. றஸ்மியிடம் இன்றே போய்ப் பேசுவதாகவும், அவர் விடுமுறை முடிந்து புதன்கிழமைதான் புறப்படுகிறார் என்பதாகவும், திங்கட்கிழமை காலை முதலாவது பஸ்ஸில் மூவருமாகப் போகலாம் என்பதாகவும் அவர் அவசரமாகச் சொன்னார். கடிதத்தை எழுதியவர் தாமாதலால், சபையார் கேட்பவற்றிற்குத் தாமே விடை சொல்லிவிடுவதாகவும், அவள் வாய் திறக்க வேண்டியதே இல்லையென்பதாகவும் சொன்னார்.

பஸ்னா ஒரு பீங்கானைக் கழுவி, துடைத்து, அலமாரித் தட்டில் நிறுத்தினாள்.

“றஸ்மிக் காக்காவ வரச் சொல்லுங்க” என்றாள். “நீங்களும் வாங்க. ஆனா உள்ளுக்கு வராதீங்க வாப்பா. புள்ளைய வச்சிக்கிட்டு வெளிய இருங்க. உள்ளுக்கு நான் கதைக்கிறன்.”

மசூர் ஓம் என்றார். பிள்ளை விழித்து அழத் தொடங்கியிருந்தது. அவர் போய் அதைத் தூக்கினார். அது அவரிடம் அடங்கவில்லை.